காதால் ஆடும் ஆட்டம்: ஒலி, வெளி, பிரதி

1

'வீடியோ கேம்' என்ற சொற்சேர்க்கையின் முதல் பாதி லத்தீன் வினையொன்றிலிருந்து வருவது. 'நான் பார்க்கிறேன்' என்பது அதன் பொருள். தன்மை, ஒருமை, நிகழ்காலம். அதாவது ஆட்டத்துக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே ஆடுபவரின் தன்னிலை 'பார்ப்பவர்' என்பதாகத் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. பார்வையில்லாத ஒருவர் வீடியோ கேம் ஆடுகிறார் என்று அச்சன்புதூர் டீக்கடையில் சொல்லிப் பாருங்கள். "கண்ணு தெரியாதவரு எப்படிவே அத ஆடுவாரு?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் கேலி இருக்காது, நிஜமான ஆச்சரியம் இருக்கும். ஆனால் இந்த ஆச்சரியம் இயற்கையானதல்ல. திரை என்ற சாதனம் நம் வீடுகளுக்குள் வந்தபிறகு 'ஆட்டம் என்றால் பார்ப்பது' என்கிற சமன்பாடு மெல்ல மெல்லக் கட்டப்பட்டு, பிறகு கட்டப்பட்ட சுவடே தெரியாமல் பூசி மெழுகப்பட்டிருக்கிறது. 

திரையில் எதுவுமே காட்டாமல், ஒலியை மட்டும் கொண்டு ஆடப்படும் கணினி ஆட்டங்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகில் இருந்துவருகின்றன. அவை எப்படி இயங்குகின்றன, அவற்றில் யார் யாருக்காக எழுதுகிறார்கள், அவற்றைத் தமிழில் ஆடுவதற்கு நடுவே நிற்பது எது என்கிற மூன்று கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது கேள்வி கடைசியில் சிறுபத்திரிகைக்காரர்களான நம் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2

ஒலியை நம்பி ஆடுவது நமக்குப் புதிதா? சடுகுடுவை எடுத்துக்கொள்வோம். பாடிப் போகிறவர் ஒரே மூச்சில் போகிறார் என்பதற்கு என்ன சாட்சி? அறுபடாத அவருடைய குரல்தான். பாட்டு நின்றால் ஆள் அவுட். இன்று போட்டிக் கபடியில் முப்பது விநாடிக் கடிகாரம் வந்துவிட்டது. ஆனாலும் பாடுவது விதியாகவே தொடர்கிறது. இங்கே ஒலி ஆட்டத்தின் அலங்காரமல்ல, அதுவே விதி.

கண்ணாமூச்சியில் இன்னும் ஒரு படி மேலே. கண்ணுள்ள பிள்ளையின் கண்ணை வேண்டுமென்றே பொத்திவிட்டுத்தான் ஆட்டமே தொடங்குகிறது. பல்லாங்குழியில் பதினான்கு குழி. புளியங்கொட்டையோ சோழியோ ஒவ்வொன்றாக விழும்போது பலகையில் எழும் 'டொக்' சத்தத்தை எண்ணியே எதிராளி எத்தனை காய் போட்டாள் என்று சொல்லிவிடலாம். மிச்சத்தை விரல் பார்த்துக்கொள்ளும். கண்ணுக்கு அதில் பெரிய வேலையில்லை.

அவதானக் கலையையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். முதுகில் எறியப்படும் கற்களையும் அடிக்கப்படும் மணியையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே, கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பாவும் முடிப்பது அது. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைத்துச் 'சதாவதானி' ஆனார். ஒரே நேரத்தில் பல ஒலி இழைகளைப் பிரித்து, தொடர்ந்து, நினைவில் நிறுத்துவது என்கிற அந்தத் திறன்தான் இன்றைய ஒலி ஆட்டம் தன் ஆட்டக்காரரிடம் கேட்கும் திறனும்.

அப்புறம் நம் வானொலியின் 'ஒலிச்சித்திரம்'. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் இல்லாமலேயே ஒரு திரைப்படம் வீட்டுக்குள் ஓடியது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 'பராசக்தி'யும் 'வீரபாண்டிய கட்டபொம்ம'னும் வசனமாகவே ஊருக்கெல்லாம் கேட்டன. 1984இல் 'விதி' வந்தபோது அதன் வசன கேசட் டீக்கடை டீக்கடையாக ஓடியது. ஆக, படத்தைக் காதால் 'பார்த்த' சமூகம்தான் நம்முடையது. ஒரு வித்தியாசம் உண்டு: ஒலிச்சித்திரத்தில் கேட்பவர் எதையும் மாற்ற முடியாது. ஒலி ஆட்டத்தில் கேட்பவரின் கை அடுத்த ஒலியைத் தீர்மானிக்கிறது. வாசகர் பிரதியை எழுதுகிறார் என்று நாம் கோட்பாடாகப் பேசிக்கொண்டிருந்தது அங்கே விரல் நுனியில் நடக்கிறது.

3

அது எப்படி இயங்குகிறது?

அச்சன்புதூரில் தென்காசி பஸ்ஸுக்காக நிற்கும் பார்வையற்ற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தூரத்து உறுமல் நெருங்குகிறது. லாரியா பஸ்ஸா என்பதை எஞ்சின் சொல்லிவிடுகிறது. பிரேக் கிறீச்சிடுகிறது. "தென்காசி தென்காசி" என்று கண்டக்டர் குரல் வலது கைப்பக்கம் கேட்டால் படி அங்கே இருக்கிறது. இறங்குகிறவர்களின் செருப்புச் சத்தம் ஓய்ந்தால் ஏறலாம். இது ஒரு வாசிப்பு. ஆனி ஆடியில் சாரலோடு காற்று வீசும்போது இந்தப் பிரதியின் பல வரிகள் அழிந்துபோகும், வாசிப்பு கடினமாகும். ஒலி ஆட்டத்தை வடிவமைப்பவர் செய்வதெல்லாம் இந்த வாசிப்பை ஒரு கட்டமைப்பாக மாற்றுவதுதான்.

அடிப்படை நம் தலையின் அகலத்தில் இருக்கிறது. இரண்டு காதுகளுக்கும் இடையே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. ஆகவே வலப்பக்கமிருந்து வரும் சத்தம் இடக்காதை ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவான தாமதத்தில், சுமார் 0.6 மில்லி விநாடி பிந்தி அடைகிறது. தலை குறுக்கே நிற்பதால் உச்ச ஸ்தாயி ஒலிகள் அந்தக் காதில் கொஞ்சம் மங்கியும் விழுகின்றன. தாமதம் ஒன்று, மங்கல் ஒன்று. இந்த இரண்டையும் வைத்து மூளை திசையைக் கணக்கிடுகிறது என்பதை இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு 1907இலேயே விளக்கினார். ஹெட்போனில் இரு காதுக்கும் தனித்தனியே ஒலி அனுப்பி இதே தாமதத்தையும் மங்கலையும் செயற்கையாக உண்டாக்கினால் இல்லாத இடத்தில் ஒரு வெளி உண்டாகிவிடுகிறது. ஒலி ஆட்டத்துக்கு ஹெட்போன் இன்றியமையாதது இதனால்தான்.

ஒரு சிக்கல் உண்டு. நேர் முன்னால் இருந்து வரும் ஒலியும் நேர் பின்னால் இருந்து வருவதும் இரு காதையும் ஒரே நேரத்தில் அடைகின்றன. நிஜ வாழ்வில் காது மடலின் மடிப்புகள் கொஞ்சம் உதவுகின்றன, மீதிக்குத் தலையைத் திருப்பிப் பார்த்துவிடுகிறோம் ('பார்த்து' என்றே எழுத வருகிறது, மொழி நம்மை விடுவதில்லை). ஆட்டத்தில் தலையைத் திருப்புவதற்குப் பதில் அம்புக்குறி விசை. ஒலி இரு காதுக்கும் நடுவே வந்து உட்கார்ந்தால், அதை நோக்கித் திரும்பியாயிற்று என்று பொருள். குறிபார்த்துச் சுடுவது என்றால் எதிரியின் ஒலியை நடுமண்டைக்குக் கொண்டுவருவது.

மற்றவை இதன்மேல் கட்டப்படுகின்றன. நடக்கும்போது காலடிச் சத்தம்; சரளைக் கல், மரப்பலகை, தண்ணீர் என்று தரைக்குத் தரை மாறும். சுவர் அருகில் இருந்தால் எதிரொலி நெருக்கமாக இருக்கும். கதவு திறந்திருந்தால் அந்தக் காதில் மட்டும் காற்றின் இரைச்சல். ஆபத்து நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். சீரான விசில் ஒலி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சலங்கையைப்போல் பல ஸ்தாயிகள் கலந்து விட்டுவிட்டு ஒலிப்பதைச் சட்டென்று இடம் கண்டுவிடலாம். அதனால் தேட வேண்டிய பொருளுக்கு விசிலை அல்ல, சலங்கையைக் கட்டுகிறார்கள்.

எல்லா ஒலியையும் ஒரே நேரத்தில் கொட்டினால் குற்றாலம் பேரருவிக்குக் கீழே நிற்கிற கதையாகிவிடும். எல்லா ஸ்தாயிகளையும் நிரப்பிக்கொண்டு விழும் அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்துவதும் காதில் ஏறாது. திரையில் பத்துப் பொருட்கள் ஒரே சமயம் இருக்கலாம், கண் ஒவ்வொன்றாக மேய்ந்துகொள்ளும், அவை அங்கேயே இருக்கும். ஒலியோ வந்த உடனே போய்விடுவது. ஆகவே வெளியில் பரத்தி வைக்க வேண்டியதைக் காலத்தில் வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. ஓவியம் வெளியின் கலை, கவிதை காலத்தின் கலை என்று லெஸ்ஸிங் 1766இல் போட்ட கோடு, காலத்தைக் கொண்டே வெளியைக் கட்டும் இந்த ஆட்டத்தில் குழம்பிப்போகிறது.

4

குறியியல் வழியாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பியர்ஸ் குறிகளைப் படிமம், சுட்டி, குறியீடு என மூன்றாகப் பிரித்தார். காலடிச் சத்தம் நடப்பவரைச் சுட்டுகிறது; அது சுட்டி. உயிர் குறைந்துவிட்டது என்பதை அறிவிக்கும் மூன்று சுர இறங்குவரிசை வெறும் குறியீடு. அதைக் கற்றுக்கொண்டால்தான் புரியும். கணினி ஆய்வாளர்கள் 1980களின் பிற்பகுதியில் இதே பிரிவினைக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றாட உலகின் ஒலிகளைக் கணினியில் பயன்படுத்துவதைப் பற்றி பில் கேவர் எழுதினார். மீரா பிளாட்னரும் அவருடைய சகாக்களும் சுரத் துண்டுகளால் ஆன அருவக் குறிகளைப் பற்றி எழுதினார்கள். ஆட்டத்தில் இரண்டும் வேண்டும். முதல் வகை உடனே புரியும், ஆனால் உலகில் சத்தமே இல்லாத விஷயங்களைச் சொல்ல அதனால் முடியாது. இரண்டாம் வகை எதையும் சொல்லும், கற்கச் சிரமம்.

தமிழுக்கு இங்கே ஒரு மூன்றாம் வழி இருப்பதாகத் தோன்றுகிறது. உரிச்சொல் பற்றிப் பேசும் தொல்காப்பியம் இசை, குறிப்பு, பண்பு என்று மூன்றைச் சொல்கிறது. பேச்சில் நாம் சலசல, தடதட, மொறுமொறு, கிசுகிசு என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். இவற்றில் சில ஒலியைப் போலச்செய்பவை. பளபள, வழவழ போன்றவையோ சத்தமே இல்லாத ஒளியையும் தொடு உணர்ச்சியையும் ஒலி வடிவில் தருபவை. கதை சொல்கிற எந்தப் பாட்டியும் இதைத்தான் செய்தாள். தமிழில் ஒலி ஆட்டம் எழுத உட்காருகிறவருக்கு இந்த இரட்டைக்கிளவிப் பட்டியல் ஒரு தயார்நிலைச் சுரங்கம்.

ஒரு கோட்பாட்டு எச்சரிக்கையும் தேவை. பார்வைமையத்தை எதிர்க்கிறேன் என்று கிளம்பி, குரல்தான் உண்மை, ஒலிதான் ஆதி, எழுத்து வெறும் நிழல் என்ற இடத்துக்குப் போய்விடுவது சுலபம். தெரிதா தாக்கிய குரல்மையவாதம் அதுதான். ஒலி ஆட்டம் அதற்கு உதவாது. அங்கே கேட்கும் காலடி யாருடைய காலடியும் அல்ல. எங்கோ, எப்போதோ சரளைக் கல்லில் பதிவு செய்யப்பட்டு, வெட்டப்பட்டு, விசையை அழுத்தும்போதெல்லாம் மறுபடி மறுபடி வருவது. அதில் இருப்பு இல்லை, தடம்தான் இருக்கிறது. அதாவது அந்த ஒலியும் எழுத்துதான். காதால் வாசிக்கப்படும் எழுத்து.

5

இனி, யார் யாருக்காக எழுதுகிறார்கள்?

1997இல் ஜப்பானில் கெஞ்சி ஏனோ என்பவர் செகா சாட்டர்ன் என்ற ஆட்டப் பெட்டிக்காக 'ரியல் சவுண்ட்: காஸே நோ ரிகுரெட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். திரையில் படமே கிடையாது. கேட்டுக்கொண்டே போய், கதை கிளைபிரியும் இடத்தில் முடிவெடுக்க வேண்டும். தன்னுடைய முந்தைய ஆட்டங்களைப் பார்வையற்றவர்கள் சத்தத்தை வைத்தே ஆடுகிறார்கள் என்பதை அறிந்து, அவர்களைப் போய்ப் பார்த்த பிறகே இதை எழுதியதாக அவர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். இந்த ஆட்டத்தைச் செகாவுக்கு மட்டும் தருவதற்கு அவர் வைத்த நிபந்தனை, ஆயிரம் ஆட்டப் பெட்டிகளைப் பார்வையற்றவர்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: அது ஒரு காதல் கதை. அதன் மையத்தில் இருப்பது பார்வையின்மை அல்ல.

2001இல் கனடாவின் ஜிஎம்ஏ கேம்ஸ் 'ஷேட்ஸ் ஆஃப் டூம்' வெளியிட்டது. உலகெங்கும் பிரபலமான 'டூம்' என்ற சுடும் ஆட்டத்தின் உலகத்தை ஒலியில் மறுஎழுத்து செய்த பிரதி இது. பிறகு 2010இல் லண்டனிலிருந்து ஐபோனுக்கு 'பாப்பா சாங்ரே' வந்தது. இறந்தவர்களின் இருட்டு மாளிகையில் ஓசையை வைத்துத் தப்ப வேண்டும். 2015இல் பிரான்சின் லியோன் நகரத்து டோவினோ நிறுவனம் 'எ பிளைண்ட் லெஜண்ட்' செய்தது. கண் பறிக்கப்பட்ட ஒரு வீரனை அவனுடைய மகள் குரலால் வழிநடத்துகிறாள்.

இந்த வரிசையில் ஒரு பிளவு தெரிகிறது. 'பாப்பா சாங்ரே'யில் இருட்டு என்றால் பயம். யாருக்குப் பயம்? பார்வையுள்ளவருக்கு. பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கு இருட்டு ஒரு பேய் மாளிகை அல்ல, அவருக்கு இருட்டு என்பதே ஒரு செவிவழிச் செய்தி. ஆக ஒலியால் மட்டும் ஆன ஆட்டமும் பார்வையற்றவரை 'மற்றமை'யாக வைத்து, அவருடைய வாழ்நிலையைப் பார்வையுள்ளவரின் திகிலுக்குக் கச்சாப்பொருளாக்க முடியும். அரைமணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டு 'ஐயோ பாவம், எவ்வளவு கஷ்டம்' என்று சொல்வதைப் போன்றது இது. 'எ பிளைண்ட் லெஜண்ட்' அனுதாபத்தோடு எழுதப்பட்டதுதான். ஆனாலும் பார்வையற்ற ஆட்டக்காரருக்குப் பார்வையற்ற நாயகன் என்ற சமன்பாட்டை அது கைவிடவில்லை. கண்ணு தெரியாதவருக்குக் கண்ணு தெரியாத கதாநாயகன்தான் கிடைப்பானா? திருடனாக, ராஜாவாக, ரேஸ் காரோட்டியாக ஆட அவருக்கு ஆசை இருக்காதா?

அந்த ஆசைக்குப் பதில் வேறு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது. 'மார்ட்டல் காம்பாட்', 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' போன்ற சண்டை ஆட்டங்களில் ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு சத்தம். இடம் வலமாகப் பிரிந்து ஒலிக்கும். யாரும் அவர்களுக்கென்று செய்யாத இந்த ஆட்டங்களைப் பார்வையற்றவர்கள் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டு பார்வையுள்ளவர்களை ஜெயித்துவந்தார்கள். பிறகே பெரிய கம்பெனிகள் விழித்துக்கொண்டன. 2020இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் - பாகம் 2' அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல் வசதிகளோடு வந்தது. பார்வையற்ற ஆட்டக்காரர் பிராண்டன் கோல் அதன் ஆலோசகர்களில் ஒருவர். 2023இல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' எதிராளியின் தூரத்தை ஒலியாலேயே சொன்னது. அதே ஆண்டு 'ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்' கார் பந்தயத்தையும் கேட்டு ஆட வழிசெய்தது. விளிம்பில் நடந்த வாசிப்பு மையத்தின் பிரதியைத் திருத்தி எழுத வைத்திருக்கிறது.

6

விதியை மாற்றி எழுதுவதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. பார்வையற்றோர் கிரிக்கெட் 1922இல் மெல்போர்னில் தொடங்கியது. முதல் உலகக் கோப்பை 1998இல் டெல்லியில் நடந்தது; இரண்டாவது, 2002இல் நம் சென்னையில். இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தான் தென்னாப்பிரிக்காவை வென்றது. நாம் ஆடும் வகையில் கெட்டியான பிளாஸ்டிக் பந்து, உள்ளே சிறு இரும்புக் குண்டுகள், உருளும்போது கலகலக்கும். தோளுக்கு மேலே வீசக்கூடாது, கையைத் தாழ்த்தித்தான் உருட்ட வேண்டும். வீசுகிறவர் "ரெடியா?" என்று கேட்டு, மட்டையாளர் பதில் சொன்ன பின்தான் "ப்ளே" என்று சொல்லி வீசலாம். பதினொரு பேரில் குறைந்தது நான்கு பேர் முழுக்கப் பார்வையில்லாதவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டம் இரட்டிப்பாகக் கணக்கிடப்படும். ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பந்தை அவர்கள் பிடித்தாலும் கேட்ச்.

இந்த இரட்டிப்பைச் சலுகை என்று வாசிப்பவர்கள் இருப்பார்கள். அப்படி வாசிக்க வேண்டியதில்லை. எந்த விளையாட்டின் விதியும் ஏதோ ஒரு உடலை 'சராசரி' என்று வைத்துத்தான் எழுதப்படுகிறது. பந்தின் எடையும் இருபத்திரண்டு கெஜமும் யாருடைய கையையும் கண்ணையும் வைத்து வந்தவை? அந்த உடல் விதிக்குள் மறைந்திருப்பதால் அது இயற்கைபோலத் தோற்றமளிக்கிறது. பார்வையற்றோர் கிரிக்கெட்டின் விதி தன் உடல் எது என்பதை மறைக்காமல் வெளியே சொல்கிறது, அவ்வளவுதான்.

7

இப்போது அச்சன்புதூருக்குத் திரும்புவோம். அங்கே பார்வையில்லாத ஒரு பையனோ பொண்ணோ இந்த ஆட்டங்களை ஆட வேண்டுமென்றால் என்ன தேவை? ஒரு போன், ஒரு ஹெட்போன், அப்புறம் ஆங்கிலம். மேலே சொன்ன ஆட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகின்றன. அதுவும் மெனுக்களைப் படித்துச் சொல்லும் இயந்திரக் குரலின் ஆங்கிலம்.

தமிழ் பேசும் இயந்திரக் குரல் இல்லையா? உண்டு. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் தெவும், வளர்த்தெடுத்த 'என்விடிஏ' என்ற திரைவாசிப்பான் 2006இல் தொடங்கியது. இலவசம், அதோடு வரும் குரலில் தமிழும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனிலும் தமிழ்க் குரல் உண்டு. குரல் தயார்தான். அது படிப்பதற்குத் தமிழ் தயாரா என்பதே சிக்கல்.

இதை விளக்க வேண்டும். திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அதன் பின்னால் உள்ள எண்ணைப் படிக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களில் தமிழ் உருவங்களை ஒட்டவைத்தன. கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும். திரைவாசிப்பான் தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகளை உளறும். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களை அறிவித்தது. 2010இல்தான் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்பு தட்டச்சான தமிழின் பெரும்பகுதியும், அச்சகங்களில் அதற்குப் பிறகு பழைய எழுத்துருவிலேயே தட்டச்சானதும் பார்வையுள்ளவருக்குத் தமிழ், பார்வையற்றவருக்கு உளறல். குறிப்பானும் குறிப்பீடும் பிரிந்து கிடப்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் சசூருக்கும் கிடைத்திருக்காது.

அடுத்தது படமாக எடுக்கப்பட்ட பிரதிகள். பழைய இதழ்களைப் பாதுகாக்கிறோம் என்று பக்கம் பக்கமாகப் புகைப்படம் எடுத்து பிடிஎஃப் கோப்பாக வைக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் திரைவாசிப்பானுக்கு அது ஒரு வெற்றுச் சுவர். அதில் எழுத்தே இல்லை. 'விளிம்பு', 'மற்றமை', 'உடல்' என்றெல்லாம் சிறுபத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் பேசிய கட்டுரைகள் இன்று பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கின்றன. விளிம்பைப் பற்றிய பிரதியை விளிம்பில் இருப்பவர் வாசிக்க முடியாது. இதற்குச் சட்டத்தையும் சாக்காகச் சொல்ல இயலாது. மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012 திருத்தத்திலேயே இடம் தந்துவிட்டது. அதே நோக்கத்துக்கான 2013 மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான், 2014இல்.

பழைய திருநெல்வேலிச் சீமைக்கு இதில் ஒரு வரலாறும் இருக்கிறது. பாளையங்கோட்டையில் 1890இலேயே மிஸ் ஆஸ்க்வித் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய பள்ளிகளில் மிக முந்தையவற்றுள் ஒன்று. புள்ளிகளை விரலால் வாசிக்கும் முறை தமிழுக்குப் புதிதாக இருந்த காலம் அது. அப்போது யாரோ உட்கார்ந்து தமிழ் எழுத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைச் செய்தார்கள். இப்போது அந்த வேலை வேறு வடிவத்தில் காத்திருக்கிறது.

ஒலி ஆட்டம் எழுத பெரிய கம்பெனி வேண்டியதில்லை. காலடிகளைப் பதிவு செய்ய ஒரு போன் போதும். கணினி தெரிந்த இரண்டு மாணவர்கள், கதை சொல்லத் தெரிந்த ஒருவர், ஆடிப் பார்த்து "இது சரியில்ல, சத்தம் எந்தப் பக்கம்னு தெரியல" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய பார்வையற்ற ஒருவர். இந்தக் கடைசி ஆள் சோதித்துப் பார்ப்பவராக அல்ல, எழுதுபவர்களில் ஒருவராக முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் ஒரு இருட்டு மாளிகைதான் கிடைக்கும்.

நம் பங்குக்கு இன்னும் சுலபமான வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு இதழும் அச்சுக்குப் போகும்போது அதன் யூனிகோடு கோப்பையும் எடுத்து வைப்பது, கேட்பவர்களுக்குக் கொடுப்பது. பழைய இதழ்களை ஆளுக்கொரு கட்டுரையாகத் தட்டச்சு செய்வது. அச்சன்புதூரில் ஒருவர் அதைத் திறந்தால் அது பேச வேண்டும். பேசிய பிறகு அவர் நம்மோடு முரண்படட்டும்.